“விஞ்ஞானம் சொல்கிறது” என்று சொல்வதற்கு முன்...

 



நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொற்களில் ‘விஞ்ஞானம்’ என்பதும் ஒன்றாகிவிட்டது. தமிழகத்துப் பள்ளிப் பிள்ளைகள் அதை ‘அறிவியல்’ என்கிறார்கள். இலங்கையிலுள்ள நம் சகோதரர்களின் பாடப்புத்தகம் ‘விஞ்ஞானம்’ என்றே சொல்கிறது. வீட்டுப் பேச்சில் ‘சயின்ஸ்’ என்கிறோம். ஆனால் இந்த ஒரே சொல்லை நாம் எத்தனை பொருளில் வழங்குகிறோம் என்று யோசித்ததுண்டா?

கையடக்கத் தொலைபேசியில் துபாயிலிருக்கும் மகனின் முகத்தைப் பார்த்ததும் “விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது” என்கிறோம். அங்கே விஞ்ஞானம் என்றால் கருவி. மகளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது “சயின்ஸ் குரூப் கிடைத்தது” என்கிறோம். அங்கே அது ஒரு பாடப்பிரிவு. பற்பசை விற்பவர் “விஞ்ஞானப்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது” என்கிறார். அங்கே அது ஒரு முத்திரை. தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ பேசும்போது “இதை இப்போது விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது” என்கிறோம். அங்கே அது ஒரு சாட்சி.

முதல் இரண்டினால் யாருக்கும் தீங்கில்லை. பின்னிரண்டைப் பற்றித்தான் இங்கே சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் முத்திரையும் சாட்சியும் நம் மார்க்கத்தில் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. தெரியாத விஷயத்தில் சாட்சி சொல்பவன், தான் சொன்னது தற்செயலாக உண்மையாகவே அமைந்துவிட்டாலும், தவறு செய்தவனே அல்லவா?

சொல்லின் வேர்

‘அறிவியல்’ என்ற சொல்லிலேயே அறிவு இருக்கிறது. ‘விஞ்ஞானம்’ வடமொழியிலிருந்து வந்த சொல். அதிலும் ‘ஞானம்’ இருக்கிறது. ‘சயின்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல்லுக்கும் ‘அறிவு’ என்பதே பொருள். பல நூற்றாண்டுகள் வரை ஆங்கிலேயர் எந்த அறிவையும் அப்பெயரால் அழைத்து வந்தார்கள். 1687-ல் ஐசக் நியூட்டன் தமது பெரும் நூலை வெளியிட்டபோது, அதன் தலைப்பில் தம் துறையை ‘இயற்கைத் தத்துவம்’ என்றே குறித்தார். விஞ்ஞானி என்று பொருள்படும் ‘சயின்டிஸ்ட்’ என்ற சொல்லோ வில்லியம் ஹூவெல் என்ற ஆங்கிலேய அறிஞர் ஆக்கியது. அது அச்சில் வந்தது 1834-ல்தான். ஆக, இயற்கையைச் சோதித்து அறியும் அறிவுக்கு மட்டுமே உரிய பெயராக ‘சயின்ஸ்’ ஆனது அண்மைக் காலத்துச் செய்தி.

அரபி மொழிக்கு வருவோம். ‘இல்மு’ என்ற சொல் நமக்குப் புதியதல்ல. அறிந்தவரை ஆலிம் என்கிறோம். அவர்களைக் கூட்டமாகச் சொல்லும்போது உலமா என்கிறோம். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர் முஅல்லிம். அடையாளத்துக்கு ‘அலாமத்’. எல்லாம் ஐன், லாம், மீம் என்ற மூன்றே எழுத்துகளிலிருந்து பிறந்தவை. இன்று அரபு நாட்டுப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தின் பெயர் ‘உலூம்’, அதாவது இல்முகள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்று தம் நூலுக்குப் பெயரிட்டார்களே, அதிலுள்ள அதே உலூம்! ஹதீஸ் கலைக்கும் வானக் கலைக்கும் மருத்துவத்துக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லைத்தான் வழங்கினார்கள்.

அப்படியானால் எதை இல்மு என்பது? காதில் விழுந்ததெல்லாம் இல்மு ஆகிவிடுமா? ஆகாது. திருமறை இல்மையும், ‘ழன்னு’ எனப்படும் வெறும் எண்ணத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. எண்ணமானது உண்மையின் இடத்தை நிரப்பாது என்று அந்நஜ்மு அத்தியாயம் உணர்த்துகிறது. உனக்கு எதில் அறிவு இல்லையோ அதன் பின்னால் போகாதே, செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்ற கருத்தில் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் எச்சரிக்கிறது. செவியால் கேட்டதை எப்படிக் கேட்டாய், கண்ணால் கண்டதை எப்படிக் கண்டாய், உள்ளத்தால் முடிவு செய்ததை எதைக்கொண்டு முடிவு செய்தாய் என்ற கேள்விக்கு மறுமையில் பதில் சொல்லியாக வேண்டும்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்ற இக்கேள்விதான் இல்மின் உயிர். முஹத்திஸீன்கள் ஒரு ஹதீஸைக் கேட்டால், யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவருடைய நினைவாற்றல் எப்படி என்று ஒவ்வொருவரையும் நிறுத்துப் பார்த்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ஆசிரியரான அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவருடைய சொந்தத் தகப்பனாரைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அவர் அறிவிப்பில் பலவீனமானவர் என்றே சொன்னார்கள். பெற்ற தந்தைக்காகக்கூட இல்மில் அவர்கள் சலுகை காட்டவில்லை.

இயற்கையை ஆராய்ந்தவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஏறத்தாழ 965-ல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம், கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கருத்தைச் சோதித்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணில் விழுவதாலேயே நாம் பார்க்கிறோம் என்று நிறுவினார். முன்னோர் நூலில் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடாமல் ஆதாரத்தைத் தேட வேண்டும். தன்னையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பார்ப்பது, அளப்பது, சோதிப்பது, பிறரும் சோதிக்க இடம் கொடுப்பது, தவறென்று தெரிந்தால் விட்டுவிடுவது; இதற்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர். கருவிகள் அந்த மரத்தில் காய்த்த காய்கள்.

கிரகணம் தந்த பாடம்

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 632-ல், நாயகம் (ஸல்) அவர்களின் அருமைப் புதல்வர் இப்ராஹீம் (ரலி) அவர்கள் ஏறத்தாழ ஒன்றரை வயதில் வஃபாத்தானார்கள். அன்றைய தினம் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் என்ன சொன்னார்கள்? நபியின் பிள்ளை மறைந்த துக்கத்தால் சூரியனும் ஒளி இழந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

சகோதரர்களே, அந்த நேரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதைச் சொன்னவர்கள் எதிரிகளல்லர், அன்பு கொண்டவர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தாலே போதும், அந்தப் பேச்சு நாடெங்கும் பரவியிருக்கும். மார்க்கத்துக்குப் பெருமை என்றும் பலர் கருதியிருப்பார்கள். ஆனால் பெருமானார் (ஸல்) அவர்கள் கிரகணத் தொழுகையை நடத்திவிட்டு மக்களை நோக்கி, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கினார்கள். தொழுங்கள், துஆச் செய்யுங்கள், தர்மம் கொடுங்கள் என்று ஏவினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது.

பிள்ளையை அடக்கம் செய்த தந்தை, கண்ணீர் காய்வதற்கு முன்பே, தம் பிள்ளையின் பெயரால் ஒரு பொய்ப் பெருமை வந்து சேரக் கூடாது என்று தடுத்தார்கள்! உண்மைக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

இன்று நம் வீடுகளில் கிரகணம் வந்தால் என்ன நடக்கிறது? “புள்ளத்தாச்சிப் பொண்ணு கத்தியைத் தொடாதே, வெளியே போகாதே” என்கிறார் நன்னி. அது மார்க்கத்தில் இல்லாத பழைய பயம். கல்லூரியில் படிக்கும் பேரனாவது விளக்கிச் சொல்வான் என்று பார்த்தால், “நன்னி சொல்றது சரிதான் உம்மா. கிரகணத்தப்ப ஒரு மாதிரி கதிர் வருதாம். சயின்ஸே சொல்லிடுச்சு” என்கிறான்! மூடநம்பிக்கைக்கு இதுவரை தாவணி போட்டிருந்தார்கள். இப்போது வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

உண்மை என்ன? சூரிய கிரகணத்தின்போது சந்திரன் குறுக்கே வந்து சூரிய ஒளியை மறைக்கிறது. புதிதாக எந்தக் கதிரும் பிறப்பதில்லை. வெறுங்கண்ணால் சூரியனை உற்றுப் பார்த்தால் விழித்திரை கெடும். அது கிரகணம் இல்லாத நாளிலும் அப்படித்தான். கிரகணத்தன்று ஆசையினால் உற்றுப் பார்ப்பவர்கள் அதிகம் என்பதால்தான் எச்சரிக்கிறார்கள். சந்திர கிரகணத்திலோ பூமியின் நிழல் சந்திரன் மேல் விழுகிறது. அதைக் கண்ணால் பார்ப்பதில் எவ்விதக் கேடும் இல்லை. கர்ப்பிணிப் பெண் காய் நறுக்குவதற்கும் கிரகணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் ஒளுச் செய்து தொழட்டும், பசித்தால் சாப்பிடட்டும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவவாதிகளை மறுத்து எழுதிய ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ நூலின் முன்னுரையில் இதே கிரகணத்தை எடுத்துக் கூறுகிறார்கள். கணக்குப் போட்டு, கிரகணம் எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று சொல்லக்கூடியவர்களை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர், மார்க்கத்துக்கு உதவி செய்யவில்லை, தீங்கே செய்கிறார் என்பது அவர்கள் கருத்து. ஏனெனில் கணக்கை அறிந்தவன் கணக்கில் சந்தேகப்பட மாட்டான், மார்க்கத்தில்தான் சந்தேகப்படுவான்.

பொய்ச் சாட்சிகள்

1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் கால் வைத்தார். அதன் பிறகு, அவர் அங்கே பாங்கோசை கேட்டார் என்றும், பின்னர் எகிப்தில் அதே ஓசையைக் கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்றும் ஒரு கதை உலகெங்கும் பரவியது. நம் ஊர்களிலும் எத்தனையோ பேர் உருக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்ஸ்ட்ராங் தாம் மதம் மாறவில்லை என்று மறுத்தார். 1983-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கே இம்மறுப்பைத் தெரிவித்து எழுத வேண்டியதாயிற்று. 2012-ல் அவர் இறந்தும் போனார். கதை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. சந்திரனில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் ஓசை பரவாது. இது ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பிள்ளை நம் முகத்தைப் பார்த்து என்ன நினைக்கும்?

இன்னொன்று. 2016-ல் ஜப்பானைச் சேர்ந்த யோஷினோரி ஓசுமி என்பவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. “நோன்பு நோற்றால் எல்லா நோயும் தீரும் என்று நிரூபித்தவருக்கு நோபல் பரிசு” என்ற செய்தி ரமலான் தோறும் வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. அவர் ஆராய்ந்தது என்ன? ஈஸ்ட் எனப்படும் மிக நுண்ணிய உயிரின் உயிரணு, உணவு கிடைக்காத நிலையில் தன்னுள் இருக்கும் பழுதான பகுதிகளைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்வது எப்படி என்பதை ஆராய்ந்தார். அருமையான கண்டுபிடிப்புத்தான். ஆனால் அவர் ரமலான் நோன்பை ஆராயவும் இல்லை. நோன்பினால் இன்ன நோய் தீரும் என்று நிரூபிக்கவும் இல்லை.

“மார்க்கத்துக்கு நன்மைதானே, சொன்னால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். மூன்று கேடுகள் இருக்கின்றன.

முதலாவது, உடலுக்குக் கேடு. அந்தச் செய்தியை நம்பி, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு தாய், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊசியை நிறுத்திவிட்டு நோன்பு பிடித்தால் அவர் உயிருக்கே ஆபத்து. நோயாளிக்கு அல்லாஹ் திருமறையிலேயே சலுகை வழங்கியிருக்கிறான். சர்க்கரை நோயுள்ளவர்களில் சிலர் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டு நோற்கலாம். சிலர் நோற்கவே கூடாது. ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதுதான் வழி. படைத்தவன் தந்த சலுகையைப் பரப்பப்பட்ட ஒரு செய்தி பறித்துவிடலாமா?

இரண்டாவது, ஈமானுக்குக் கேடு. விஞ்ஞானத்தின் முடிவுகள் மாறும். நேற்று சொன்னதை இன்று சோதித்துத் திருத்திக்கொள்வது அதன் குறையல்ல, நேர்மை. ஆனால் அந்த முடிவின் மேல் நம் பிள்ளையின் ஈமானைக் கட்டிவைத்தால், முடிவு மாறும் நாளில் அவன் ஈமான் என்னாகும்? “ஸஜ்தா செய்வது மூளைக்கு நல்லது, அதனால் தொழு” என்று வளர்க்கப்பட்டவன், “அதைவிட நல்ல உடற்பயிற்சி இருக்கிறது” என்று யாராவது சொன்னால் தொழுகையை விட்டுவிடுவான். நாம் தொழுவது அல்லாஹ் ஏவியதால். முழங்காலுக்கு நன்மை கிடைத்தால் அது அவன் அருள். கிடைக்காவிட்டாலும் தொழுகை பர்ளுதான்.

மூன்றாவது, உண்மைக்குக் கேடு. கேள்விப்பட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவன் பொய்யன் ஆவதற்குப் போதும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் பொய் பொய்தான். மக்களை நன்மையில் ஆர்வப்படுத்துகிறோம் என்று ஹதீஸ்களை இட்டுக்கட்டியவர்களை நம் முஹத்திஸீன்கள் மன்னித்தார்களா? பொய்யர்களின் பட்டியலில்தானே எழுதி வைத்தார்கள்!

இதே தவற்றை எதிர்ப்பக்கத்தில் செய்பவர்களும் உண்டு. “இறைவன் இல்லை என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது” என்கிறார்கள். எந்தச் சோதனைச் சாலையில், எந்த அளவுகோலால்? அளக்கக்கூடியதை அளப்பது விஞ்ஞானம். அளவுகளைப் படைத்தவனை அது அளக்கவில்லை. இதுவும் தெரியாததற்குப் போட்ட முத்திரையே. அவர்களிடம் நாம் கேட்கும் கேள்வியை நம்மிடமும் கேட்டுக்கொள்வதுதான் நீதி.

இல்மைப் பிளக்காதீர்கள்

வேறு சிலர் இருக்கிறார்கள். “சயின்ஸெல்லாம் துன்யாவின் படிப்பு, அதில் என்ன இருக்கிறது?” என்று ஒதுக்குவார்கள். அதுவும் சரியல்ல. அல்லாஹ் முதன்முதலில் இறக்கிய வஹீ ஓதுவதைப் பற்றியும், எழுதுகோலைப் பற்றியும், மனிதன் அறியாதிருந்ததை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததைப் பற்றியும் பேசுகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மருத்துவத்தையும் கணக்கையும் பர்ளு கிஃபாயா என்று வகைப்படுத்துகிறார்கள். ஊரில் ஒருவருமே கற்காவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. மருத்துவம் அறிந்த முஸ்லிம் ஒருவர்கூட இல்லாத ஊர்களில், சட்ட விவாதத்துக்கு மட்டும் கூட்டம் கூடுகிறதே என்று ஹிஜ்ரி 505-ல் மறைந்த அந்த இமாம் வருந்தி எழுதியிருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீ எழுதிய ‘அல்-ஜப்ரு’ கணித நூலின் பெரும்பகுதி எதைப் பற்றியது தெரியுமா? மரண சாசனத்தையும் வாரிசுச் சொத்தையும் பங்கிடும் கணக்குகள்! பிள்ளைகள் இன்று ‘அல்ஜீப்ரா’ என்று படிக்கும் பாடமும் ஃபராயிள் இல்மும் ஒரே நூலில் குடியிருந்தன.

பேரீச்ச மரத்துக்கு மகரந்தம் சேர்க்கும் வழக்கம் மதீனாவில் இருந்தது. அது தேவையா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கருத்துச் சொல்ல, மக்கள் அதை விட்டார்கள், விளைச்சல் குறைந்தது. உங்கள் உலகக் காரியங்களை நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். வஹீயின் தூதராக இருந்தும், தோட்டக்காரரின் அனுபவ அறிவுக்கு உரிய இடத்தை அவர்கள் கொடுத்தார்கள். ஆகவே உங்கள் மகளோ மகனோ விஞ்ஞானம் படிக்க விரும்பினால் படிக்க வையுங்கள். “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கப் பழகிய பிள்ளை மார்க்கத்துக்குப் பாரமல்ல, பலம்.

நாம் செய்ய வேண்டியது

இனி யாரேனும் “விஞ்ஞானம் சொல்கிறது” என்று ஒரு செய்தி கொண்டுவந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சொன்னவர் யார்? அவர் அதை எப்படி அறிந்தார்? அறிந்தவர்கள் வேறு யாரேனும் அதைச் சோதித்துப் பார்த்தார்களா? பதில் தெரியாவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் நடந்தால் பின்னர் வருந்த நேரிடும் என்று ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்றுத்தரும் பாடமும் இதுவே.

நம் வீட்டுப் பிள்ளை நம்மிடம் ஏதாவது கேட்டு, நமக்குப் பதில் தெரியாவிட்டால், “தெரியவில்லை வாப்பா, கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்வதில் வெட்கமில்லை. மதீனாவின் பேரறிஞர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் தொலைதூரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கேள்விகளில் பலவற்றுக்கு “லா அத்ரீ”, எனக்குத் தெரியாது, என்றே பதில் சொன்னார்கள். அதனால் அவர்களின் மதிப்பு குறைந்ததா? இன்றும் மக்ரிப் நாடுகள் அவர்கள் மத்ஹபில் நடக்கின்றன!

அறிவை அதிகமாக்கித் தரும்படி கேட்குமாறு அல்லாஹ் தன் நபிக்கே கற்றுக்கொடுத்தான். பயனளிக்காத அறிவைவிட்டுப் பாதுகாக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். நாமும் அவ்விரண்டையும் கேட்போம். இல்மு என்ற சொல்லையும், அதன் உடன்பிறப்பான விஞ்ஞானம் என்ற சொல்லையும், அமானிதமாக நாவில் வைத்திருப்போம். அறிந்ததைச் சொல்லும் துணிவையும், அறியாததில் மௌனம் காக்கும் பக்குவத்தையும், வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக!

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!